கறுத்த ஈறில் வீக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை: தெர்மல் கேமரா கைகொடுக்குமா?

சிப்புட் பல் கிளினிக் கேட்டது:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கும் கிளினிக். வருகிறவர்களில் பாதிக்கு மேல் தோட்டத்து ஆட்கள்: பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர்கள், செம்பனையில் குலை வெட்டுபவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். நம்மவர் பலருக்கு ஈறு இயல்பிலேயே கறுப்பு. அதன்மேல் வெற்றிலைக் கறை வேறு. பாடப் புத்தகத்து "செக்கச் சிவந்த ஈறு" இங்கே கண்ணில் படுவதே இல்லை. அழற்சி இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் கூடும், சூடும் கூடும், அதைப் படமாகப் பிடிக்கலாமே என்று ஒரு யோசனை.

கையில் இருப்பது போனில் செருகும் வகை, 160×120 புள்ளி. படங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒரே ஆளுக்கு முதல் படத்தில் கீழ் முன்பல் ஈறு மஞ்சளாக எரிகிறது, ஐந்து நிமிடம் கழித்து நீலமாகக் கிடக்கிறது. கையுறை விரல் படத்துக்குள் வந்தால் எல்லா நிறமும் புரண்டுவிடுகிறது.

இதை நம்பலாமா? நம்பலாம் என்றால் தூரம், அறைச்சூடு, நேரம் எப்படி வைப்பது? அடுத்த மாதம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு பல் முகாம் இருக்கிறது. அங்கே கொண்டுபோகலாமா?

---

ஆலை சார்ஜ்மேன் பதில்:

டாக்டர், பல்லைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. கேமராவைப் பத்தி மட்டும் சொல்றேன். செம்பனை ஆலையில சுவிட்ச்போர்டுக்கும் பேரிங்குக்கும் புழங்குறது இதே சாதிதான்.

நிறம் மாறுனதுக்கு ஈறு காரணம் இல்ல. கேமரா ஆட்டோ ரேஞ்சுல ஓடுது. அந்தந்தப் படத்துல எது ஆகக் குளிர்ச்சியோ அதுக்கு நீலம், எது ஆகச் சூடோ அதுக்கு மஞ்சள்னு அதுவா பங்கு போட்டுக்கும். ரேஞ்சை 28–38 டிகிரின்னு பூட்டுங்க. ஆப்புல பூட்டுற வசதி இல்லாட்டி, சூட்டு எண்ணோட சேர்த்து வைக்கிற ரேடியோமெட்ரிக் ஜேபெக்கா சேமிச்சு, கம்ப்யூட்டர்ல திறந்து பூட்டுங்க. வானவில் நிறத்தை விட்டுட்டு சாம்பல் நிறத்துல பாருங்க. வானவில்லுல 0.2 டிகிரி வித்தியாசம்கூட தீப்பிடிச்ச மாதிரி தெரியும்.

அடுத்தது புள்ளிக் கணக்கு. இந்த வகையில நிறைய கேமராவுக்குள்ள இருக்கிறது லெப்டான் 3.5 சென்சார். பார்வைக் கோணம் 57 டிகிரி. 15 செ.மீ தள்ளி வச்சா படத்தோட அகலம் 16 செ.மீ. அதை 160ஆல வகுத்தா ஒரு புள்ளிக்கு 1 மி.மீ. ரெண்டு பல்லுக்கு நடுவுல முக்கோணமா ஈறு இருக்குமே, அது 3 மி.மீ அகலம்னு வைங்க. உங்களுக்குக் கிடைக்கிறது மூணே புள்ளி. அதுலயும் ஓரத்து ரெண்டும் பக்கத்துப் பல்லோட கலந்த புள்ளி. பல்லு ஈறைவிடக் குளிர்ச்சி, அதனால நீங்க படிக்கிற எண்ணு எப்பவும் குறைச்சலாத்தான் வரும். மூணுக்கு மூணு, ஒன்பது புள்ளியாவது சுத்தமா விழாத இடத்தோட சூட்டை நாங்க எழுதுறது இல்ல.

இதுக்கு வழி இருக்கு. லேசர் வெட்டு மிஷினுக்கு விக்கிற சிங்க் செலினைடு லென்ஸ், மஞ்சளா இருக்கும். 50.8 மி.மீ குவியத்தூரம் உள்ளதை கேமரா முன்னாடி பொருத்துனா 5 செ.மீ தூரத்துல தெளிவு வரும், ஒரு புள்ளி 0.34 மி.மீ. 101.6 மி.மீ லென்ஸுன்னா 10 செ.மீ தூரம், புள்ளி 0.7 மி.மீ. முன்னதுல ஈறு நல்லாத் தெரியும், ஆனா மூச்சு பட்டு லென்ஸ் பனிக்கும். ஒரு எச்சரிக்கை: அந்த லென்ஸ் உடைஞ்சா தூள் விஷம். ஆள் வாய்க்கு மேல கையில பிடிச்சுட்டு நிக்காதீங்க. முழுசா மூடுன வளையத்துக்குள்ள திருகி வையுங்க, கேமராவை ஸ்டாண்டுல போடுங்க. லென்ஸ் போட்டதும் கேமராவோட சொந்தச் சூடே திரும்பி அடிச்சு படத்து நடுவுல மங்கலா ஒரு வட்டம் வரலாம். ஒரே சூடா இருக்கிற தகட்டைப் படம் எடுத்தா வட்டம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

கடைசியா, கேமரா சொல்ற டிகிரியை அப்படியே நம்பாதீங்க. இந்த விலையில ±3லேர்ந்து ±5 டிகிரி வரைக்கும் தப்பு இருக்கலாம்னு தயாரிப்பாளரே எழுதியிருப்பான். ஆனா ஒரே படத்துக்குள்ள ரெண்டு இடத்தை ஒப்பிட்டா 0.1 டிகிரி வரைக்கும் பிரிச்சுப் பார்க்கலாம். அதனால படத்துக்குள்ளேயே ஒரு சாட்சி வேணும். காலி மைலோ டின் ஒண்ணு எடுத்து வெளிப்பக்கம் மினுமினுப்பு இல்லாத கறுப்பு பெயின்ட் அடிங்க, 35 டிகிரி தண்ணி ஊத்துங்க, மூடியில ஓட்டை போட்டு தெர்மாமீட்டரைச் செருகுங்க. கன்னத்துப் பக்கமா படத்து ஓரத்துல டின் தெரியணும். டின்னுல கேமரா 33.8 காட்டி தெர்மாமீட்டர் 35.0 காட்டுனா, ஈறோட எண்ணுக்கும் 1.2 கூட்டிக்குங்க.

மண்டபத்துக்கு மட்டும் கொண்டுபோகாதீங்க. ஈரமான ஈறு தன் சூட்டை 98 சதவீதம் தானே வெளியே விடும், மிச்சம் 2 சதவீதம் எதிர்ல இருக்கிறதைப் பிரதிபலிக்கும். கிளினிக் சுவர் 25 டிகிரி. மத்தியானம் மண்டபத்து ஜிங்க் கூரை 50 டிகிரி. 25 டிகிரி வித்தியாசத்துல 2 சதவீதம்னா அரை டிகிரி. நீங்க தேடுற வித்தியாசமே அவ்வளவுதானே?

---

ஈறு நோய்ப் பிரிவு பதில்:

சார்ஜ்மேன் சொன்ன அரை டிகிரிக் கணக்கை முகாம் நடத்தும் எல்லோரும் படிக்க வேண்டும். நான் மருத்துவப் பக்கம் பேசுகிறேன்.

உங்கள் யோசனைக்கு அடிப்படை இருக்கிறது. கேமரா பார்க்கும் 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில், தோலைக் கறுப்பாக்கும் மெலனின் ஒரு பொருட்டே இல்லை. தோல் கறுப்போ வெளுப்போ, கதிர்வீசும் திறன் ஏறக்குறைய அதே 0.98. வெற்றிலைக் கறைக்கும் கேமரா ஏமாறாது. இந்த ஒரு விஷயத்தில் அது நம் கண்ணைவிட நேர்மையானது.

ஆனால் கேமரா பார்ப்பது ஈறின் உள்ளே இருப்பதை அல்ல. இந்தக் கதிர் தண்ணீரில் சில பத்து மைக்ரான்கூடக் கடந்து வராது. ஈறின்மேல் படிந்திருக்கும் எச்சில் படலத்தின் சூட்டைத்தான் நீங்கள் படம் பிடிக்கிறீர்கள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழும் பள்ளத்தைப் பாக்கெட் என்போம். 6 மி.மீ ஆழப் பாக்கெட்டின் அடியில் நடப்பது, வெளி ஈறு வழியாகக் கடத்தப்பட்டு, எச்சிலில் ஆவியாகிக் குறைந்து வந்து சேர்கிற மிச்சம்தான் அந்த எண். வாயைத் திறந்து கன்னத்தை விலக்கிய நொடியிலிருந்தே ஈறு குளிரத் தொடங்கும். ஐந்து நிமிடத்தில் மஞ்சள் நீலமானதற்கு ஆட்டோ ரேஞ்சோடு இதுவும் ஒரு காரணம்.

இடத்துக்கு இடம் இயல்பான வித்தியாசமும் உண்டு. நோயே இல்லாத வாயிலும் கடைவாய்ப் பக்கம் முன்பக்கத்தைவிடச் சூடு, கீழ்த்தாடை மேல்தாடையைவிடச் சூடு. உங்கள் முதல் படத்தில் கீழ் ஈறு எரிந்ததற்கு இதுவே போதும். 1990ஐ ஒட்டி பாக்கெட்டுக்குள்ளேயே விட்டு 0.1 டிகிரி அளக்கும் பெரியோடெம்ப் என்ற புரோப் வந்தது. நாக்கடி வெப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உள்ளே விட்டு அளந்ததற்கே அந்த ஒப்பீடு தேவைப்பட்டது, நாம் வெளியே நின்று எட்டிப் பார்க்கிறோம்.

எனவே மேல்தாடையைக் கீழ்த்தாடையோடு ஒப்பிடாதீர்கள். வலது கோரைப்பல்லை இடது கோரைப்பல்லோடு ஒப்பிடுங்கள். அதே பல்லில் ஈறு விளிம்பை, அதற்கு 5 மி.மீ தள்ளியிருக்கும் ஒட்டிய ஈறோடு ஒப்பிடுங்கள்.

அதிகம் ஏமாறப்போவது புகைப்பவர்களிடம். நிக்கோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும். ஈறு வெளிறி, தடித்து, குத்தினாலும் ரத்தம் வராமல், கேமராவில் குளுகுளுவென்று இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு பாதி போயிருக்கும். இப்படி ஒருவரை "படம் நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவைத்தால் அந்தக் கேமராவால் கெடுதல்தான்.

கறுத்த ஈறுக்குப் பழைய கருவியே போதும். நிறத்தை விடுங்கள். விளிம்பு கத்தி முனைபோல் மெலிதாக இருக்கிறதா, உருண்டு தடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆரஞ்சுத் தோல்போன்ற புள்ளிகள் மறைந்து ஈறு மினுமினுத்தால் நீர் கோத்திருக்கிறது. பிறகு புரோப், அதாவது பாக்கெட்டின் ஆழம் அளக்கும் மெல்லிய கம்பி. உலக சுகாதார நிறுவனத்து புரோப் என்றால் நுனியில் 0.5 மி.மீ உருண்டை, 3.5 முதல் 5.5 மி.மீ வரை கறுப்புப் பட்டை. அழுத்தம் 20–25 கிராம். சமையல் தராசில் புரோப் நுனியை அழுத்தி 25 வரும்வரை பழகுங்கள். பலருடைய கை முதல் தடவை அதைத் தாண்டிவிடும், தாண்டினால் ஆரோக்கியமான ஈறும் ரத்தம் விடும். பல்லுக்கு ஆறு இடம், 28 பல்லுக்கு 168 இடம். பாக்கெட் எல்லாம் 3 மி.மீக்குள் இருந்து 10 சதவீதம், அதாவது 17 இடத்திலாவது ரத்தம் வந்தால் ஈறு அழற்சி. நேரம் இல்லையென்றால் வாயை ஆறு பகுதியாக்கி, ஈறின் நிலையை 0 முதல் 4 வரை சொல்லும் விரைவுப் பரிசோதனையான பிபிஇ எண் போடுங்கள். 4 வந்தால் முழு வாய்க்கும் ஆறு இட அளவு. 3 என்றால் சுத்தம் செய்து, பல் துலக்கக் கற்றுக்கொடுத்த பிறகு அந்தப் பகுதிக்கு மட்டும்.

---

சிப்புட் பல் கிளினிக்:

இரண்டு பேருக்கும் நன்றி. சரி, மண்டபம் வேண்டாம். கிளினிக்குக்குள் கொஞ்ச நாள் முறையாக எடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். குளிர் காற்று அடித்து ஈறு மறுபடி சூடேறும் வேகத்தை அளப்பது நிலையான சூட்டை அளப்பதைவிட மேல் என்று கேள்விப்பட்டேன். நாற்காலியில் இருக்கும் காற்றுக் குழலையே பயன்படுத்தலாமா? வெற்றிலை போடுகிறவர்களுக்கு எவ்வளவு நேரம் இடைவெளி? உள்பக்க ஈறை வாய்க்கண்ணாடியில் எடுக்க முடியுமா?

---

பயோமெட் லுனாஸ் பதில்:

காற்றுக் குழல் வேண்டாம் டாக்டர். கம்ப்ரசர் பெரும்பாலும் கடைவரிசைக்குப் பின்னால் சந்தில் வெயிலில் கிடக்கும். காலை ஒன்பது மணிக்கு வரும் காற்றும் மத்தியானம் இரண்டு மணிக்கு வரும் காற்றும் ஒரே குளிர்ச்சி இல்லை. குழலை எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறீர்கள் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். ஈறு இறங்கி வேர் தெரிகிறவருக்குக் காற்று பட்டால் கூசித் துள்ளுவார், படம் ஆடிப்போகும்.

கொப்பளிக்கத் தண்ணீர் கொடுங்கள். 20 டிகிரி, 50 மில்லி, 30 வினாடி. ஐஸ் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் கலந்து தெர்மாமீட்டரால் பார்த்துவிடுங்கள், கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள். துப்பியதும் பஞ்சுத் துணியால் ஒற்ற வேண்டும், தேய்த்தால் தேய்த்த இடம் சிவந்து சூடேறும். எச்சில் சொட்டு நின்றால் அந்த இடம் தனியாகக் குளிர்ந்த புள்ளியாகத் தெரியும். அதை அளவில் சேர்க்காதீர்கள்.

அதற்கு முன் நோயாளியை ஆறவிட வேண்டும். மோட்டாரில் வெயிலில் வந்தவர் 23–24 டிகிரி அறையில் இருபது நிமிடமாவது உட்காரட்டும், வாயை மூடி, மூக்கால் மூச்சுவிட்டு. ஏர்கோன் காற்று முகத்தில் நேராகப் படக்கூடாது. தே தாரிக்கோ கோப்பி ஓவோ குடித்திருந்தால் அரை மணி நேரம். சிகரெட், வெற்றிலை இரண்டுக்கும் நான் ஒரு மணி நேரம் சொல்வேன். சுண்ணாம்பும் பாக்கும் நிறத்தால் தொந்தரவு தராது, ஆனால் மெல்லும்போது உரசிச் சூடேற்றும். இடுக்கில் பாக்குத் துகள் இருந்தால் எடுத்துவிட்டுப் படம் எடுங்கள். காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். நாக்கடி வெப்பத்தைக் கட்டாயம் எழுதுங்கள், உடம்புச் சூடு காலையைவிட மாலையில் கூடுதல்.

நாற்காலி விளக்கை அணையுங்கள். பழைய ஹாலோஜன் விளக்கு என்றால் ஈறையே சூடேற்றிவிடும். கேமராவைப் பத்து நிமிடம் முன்பே போட்டுவையுங்கள். அது இயல்பாக மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, அல்லது தன் சூடு 1.5 டிகிரி மாறும்போது, டிக் என்று ஷட்டரை மூடித் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பதிவின் நடுவில் இது நடந்தால் கோடு ஒரு படி தாவும், அதை ஈறின் மாற்றம் என்று எண்ணிவிடுவோம். கொப்பளிக்கச் சொல்லும்போதே கையால் ஒருமுறை அமுக்கிவிடுங்கள்.

பிளாஸ்டிக் கன்ன விலக்கியைப் போட்ட பின் இரண்டு நிமிடம், ஐந்து வினாடிக்கு ஒரு படம். ஈறு பாதித் தூரம் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக, கொப்பளிக்கும் முன் 34, கொப்பளித்ததும் 29 என்றால் பாதி 31.5. வலது பக்கம் 20 வினாடியில் 31.5 தொட்டு, இடது பக்கம் அதே இடம் 35 வினாடி எடுத்தால், வலதில் ரத்த ஓட்டம் கூடுதல் என்று சந்தேகப்படலாம். கேமராவின் ±3 டிகிரி தப்பு இதில் பெரிய தொல்லை தராது, நேரத்தைத்தானே அளக்கிறோம்.

வாய்க்கண்ணாடி: பின்பூச்சுக் கண்ணாடி பயன்படாது. இந்தக் கதிர் கண்ணாடியைத் துளைக்காது, கண்ணாடியின் சொந்தச் சூட்டைத்தான் பார்ப்பீர்கள். ரோடியம் முன்பூச்சு உள்ளது பிரதிபலிக்கும். ஆனால் அதன்மேல் மூச்சுப் பனி படிந்தால் மறுபடி குருடு. 37 டிகிரி தண்ணீரில் வைத்துத் துடைத்து உடனே எடுங்கள். எனக்குக் கேட்டால் உள்பக்கத்தை விட்டுவிடுங்கள், முன்பல் வெளிப்பக்கமே முதலில் ஒழுங்காக வரட்டும். கேமராவுக்குக் கிளிங் ஃபிலிம் சுற்றாதீர்கள். பிவிசி ஃபிலிம் இந்தக் கதிரை நிறைய விழுங்கும். மெல்லிய பாலித்தீன் பரவாயில்லை, அப்போதும் மைலோ டின்னை அதே பாலித்தீன் வழியாகவே பார்க்க வேண்டும். உலோக கேப், தங்கப் பல் இருக்கும் இடத்தை ஒதுக்குங்கள். அது உங்கள் முகத்தையே பிரதிபலிக்கும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. இந்தக் கேமரா பல் நோய் கண்டறிய என்று பதிவான கருவி இல்லை. 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டம், அக்டா 737 படித்துப் பாருங்கள். கிளினிக் பலகையில் "தெர்மல் ஸ்கேன்" என்று எழுதாதீர்கள், அதற்குக் கட்டணமும் வாங்காதீர்கள். ஆய்வாக நடத்தினால் நெறிமுறைக் குழு அனுமதி முதலில். அரசு கிளினிக் நோயாளிகளைச் சேர்த்தால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் (என்எம்ஆர்ஆர்) பதிவும் உண்டு. உடல்நிலைத் தகவல், தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான அக்டா 709இன்படி உணர்திறன்மிக்க தகவல், ஒப்புதல் தெளிவாக வாங்க வேண்டும். போன் படங்களைத் தானாக இணையச் சேமிப்புக்கு (கிளவுடுக்கு) ஏற்றுவதையும் நிறுத்துங்கள், பலர் மறப்பது இதைத்தான்.

---

தாமான் பல் டாக்டர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆறவைக்க இருபது நிமிடம், படத்துக்கு ஐந்து நிமிடம், கணக்குக்குப் பத்து. புரோப் போட்டு பிபிஇ எழுத மூன்று நிமிடம். சனிக்கிழமை காலையில் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும்போது எது நடக்கும்?

---

ஈறு நோய்ப் பிரிவு:

நடக்காது. நோயைத் தேடி அலச இது வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். எனக்குப் பயன் தெரிவது ஒரே இடத்தில்: ஸ்கேலிங்குக்கு முன்பும், எட்டு வாரம் கழித்து மறுபரிசோதனையின்போதும், அதே ஆளின் அதே இடத்தை ஒப்பிடுவது. அங்கே இடத்து வித்தியாசம் தானே கழிந்துபோகும். அதையும் புரோப் எண்ணுக்குப் பக்கத்தில்தான் எழுத வேண்டும், அதற்குப் பதிலாக அல்ல.

சிப்புட் டாக்டருக்கு, ஆய்வாகச் செய்வதானால் இரண்டு விஷயம். படம் முதலில், புரோப் பிறகு. புரோப் பட்ட ஈறில் ரத்தம் கசியும், அதன் பிறகு எடுக்கும் படம் செல்லாது. படத்தைப் படிப்பவருக்கு புரோப் எண் தெரியக்கூடாது. 168 இடம் என்பதால் 168 மாதிரி கிடைத்துவிட்டது என்று எண்ணாதீர்கள், ஒரே வாயின் இடங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. நோயாளி எண்ணிக்கைதான் மாதிரி எண்ணிக்கை. சிகரெட் எண்ணிக்கையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் தனிக் கட்டத்தில் இருக்கட்டும். ஒரு நாளுக்கு பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ, அல்லது சர்க்கரை நோயோடு ஹெச்பிஏ1சி 7.0 அல்லது அதற்கு மேலோ இருந்தால், 2018இல் வெளிவந்த ஈறு நோய் வகைப்பாட்டில் நேரே கிரேடு சி, அதாவது வேகமாக முற்றும் வகை. இந்த இரு கூட்டத்தையும் மற்றவர்களோடு கலந்து சராசரி எடுத்தால் விடை எதுவுமே வராது.

---

சிப்புட் பல் கிளினிக்:

புரிந்தது. முகாமுக்கு புரோப்பும் தராசில் பழகிய கையும், கிளினிக்கில் ஸ்கேலிங்குக்கு வருகிறவர்களில் சம்மதிப்பவருக்கு மட்டும் படம். முன்பல் வெளிப்பக்கம், வலது கோரை முதல் இடது கோரை வரை. சார்ஜ்மேன் அண்ணே, ஒரு சந்தேகம்: டின் தண்ணீர் 24 டிகிரி அறையில் ஆறிக்கொண்டே போகுமே, 35இலேயே நிறுத்த என்ன செய்வது?

---

ஆலை சார்ஜ்மேன்:

நிறுத்த வேணாம் டாக்டர். ஆறட்டும், 34.2ன்னா 34.2ன்னு எழுதிக்குங்க. படம் எடுக்கிற அந்த நிமிஷத்துல தெர்மாமீட்டர் என்ன சொல்லுதுங்கிறதுதான் முக்கியம். தண்ணியைக் கழுத்துவரைக்கும் ஊத்துங்க, எடுக்கிறதுக்கு முன்னாடி டின்னை ஒருதடவை சுழட்டிக் கலக்குங்க, இல்லாட்டி மேல சூடாவும் அடியில குளிர்ச்சியாவும் இருக்கும். கேமரா பார்க்கிற பக்கம் தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கணும். பெயின்ட் இல்லேன்னா கறுப்பு வயர் டேப்பு ரெண்டு விரல் அகலத்துக்கு ஒட்டிக்குங்க, அதோட கதிர்வீசும் திறன் 0.95. ஒட்டும்போது காத்துக் குமிழ் நின்னா அந்த இடம் மட்டும் குளிர்ச்சியாத் தெரியும், நகத்தால தேய்ச்சு எடுத்துடுங்க.